கார்டில் ஐந்து லட்சம் இல்லை

அவையோருக்கு வணக்கம்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறீர்கள். பெரிய மருத்துவமனை எதிலும் காப்பீட்டு கவுன்ட்டர் முன்னால் பத்து நிமிடம் நின்றால் ஒரு வாக்கியம் காதில் விழும்: "கார்டுல அஞ்சு லட்சம் இருக்கே சார், அதுல கழிச்சுக்குங்க." இந்தத் திட்டத்தில் வரும் சண்டைகளில் பாதி இந்த ஒரு வாக்கியத்தில்தான் பிறக்கிறது.

கார்டு ஏ.டி.எம். அட்டை அல்ல. உள்ளே பணம் கிடையாது. ஒரு குடும்பத்துக்கு ஒரு காப்பீட்டு ஆண்டில் இவ்வளவு வரைக்கும்தான் என்கிற உச்சவரம்புதான் அந்த ஐந்து லட்சம். குடும்பம் முழுவதற்கும் சேர்த்து ஒரே வரம்பு. மிஞ்சியது அடுத்த ஆண்டுக்குப் போகாது. அந்த வரம்புக்குள் மருத்துவமனைக்குப் போவது பேக்கேஜ் விலை. இன்ன அறுவைக்கு இன்ன தொகை என்று முன்பே எழுதி வைத்திருக்கிறார்கள். உங்கள் நோய்க்கு அந்தப் பட்டியலில் ஒரு குறியீடு இருக்க வேண்டும். அந்தக் குறியீட்டைச் செய்ய அந்த மருத்துவமனைக்கு அனுமதி இருக்க வேண்டும். செய்வதற்கு முன் அப்ரூவல் வர வேண்டும். மூன்றில் ஒன்று தவறினாலும் ஐந்து லட்சம் ஐந்து பைசாவுக்கு உதவாது.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2007-இல் ஆந்திரத்தில் ஆரோக்கியஸ்ரீ என்ற மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். 2009 ஜூலையில் இங்கே கலைஞர் காப்பீட்டுத் திட்டம். அப்போது நான்கு ஆண்டுக்கும் சேர்த்து ஒரு லட்சம். 2012 ஜனவரி 11 முதல் இப்போதைய பெயர். 2018-இல் மத்திய அரசின் பிரதமர் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தோடு இணைந்த பிறகு வரம்பு ஐந்து லட்சம். 2022 ஜனவரியில் தொடங்கிய ஐந்தாண்டு காப்பீட்டு ஒப்பந்தத்தில், சேருவதற்கான குடும்ப ஆண்டு வருமான வரம்பு 72,000-இலிருந்து 1,20,000 ரூபாய் ஆனது. ஆட்சிகள் மாறியும் திட்டம் நிற்கவில்லை. நம் ஊரில் அது லேசான காரியம் இல்லை.

இனி கார்டு வாங்கும் இடம். ஆட்சியர் அலுவலக வளாகத்தில் இதற்கென்று ஒரு மையம் இருக்கிறது. ரேஷன் அட்டை, ஆதார், கிராம நிர்வாக அலுவலரோ வருவாய்த் துறையோ தந்த வருமானச் சான்று, இவ்வளவுதான் தேவை. முகாம்களில் வாழும் இலங்கைத் தமிழருக்கு வருமான வரம்பே கிடையாது. வெளிமாநிலத் தொழிலாளர்களும் இங்கே ஆறு மாதத்துக்கு மேல் குடியிருப்பதற்கு உரிய சான்றும் வருமானச் சான்றும் காட்டினால் சேரலாம். இது பலருக்குத் தெரியாது. செங்கல் சூளைக்காரரும் கட்டட மேஸ்திரியும் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி.

இதில் எங்கே வழுக்குகிறது? ரேஷன் அட்டையில். திட்டம் 'குடும்பம்' என்று எதைச் சொல்கிறதென்றால், அட்டையில் பெயர் உள்ள கணவன், மனைவி, பிள்ளைகள், சார்ந்திருக்கும் பெற்றோர். கல்யாணமான பெண்ணின் பெயரைப் பிறந்த வீட்டு அட்டையிலிருந்து எடுத்துவிடுவார்கள். புகுந்த வீட்டு அட்டையில் சேர்க்க மறந்துவிடுவார்கள். அந்த இடைவெளியில் அந்தப் பெண்ணுக்குக் குடும்பமே இல்லை, கணினியின் கண்ணில். மாமியாருக்கு இதய அறுவை நடந்துவிடும். மருமகளின் கர்ப்பப்பைக் கட்டிக்கு அப்ரூவல் வராது. ஆதாரில் 'முருகேசன்', ரேஷன் அட்டையில் 'முருகேஷ்' என்று இருந்தாலும் இதே கதைதான். இதையெல்லாம் ஸ்ட்ரெச்சர் பக்கத்தில் நின்றுகொண்டு திருத்த முடியாது. உடம்பு நன்றாக இருக்கும்போதே ஒரு நாள் அலைந்து முடிக்க வேண்டிய வேலை.

அடுத்தது மருத்துவமனை. 'இங்கே முதல்வர் காப்பீடு உண்டு' என்று வாசலில் போர்டு இருந்தால் போதாது. மருத்துவமனைகளைத் துறைவாரியாகத்தான் திட்டத்தில் சேர்க்கிறார்கள். எலும்பு அறுவைக்கு அனுமதி பெற்ற இடத்தில் புற்றுநோய்க்கு அனுமதி இல்லாமல் போகலாம். சில சிகிச்சைகள் அரசு மருத்துவமனைக்கு மட்டுமே என்று ஒதுக்கப்பட்டவை. தேவையில்லாத அறுவையைத் தடுக்கும் வேலி அது. நல்ல வேலி என்பது என் கருத்து. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, 'காப்பீடு உண்டா?' என்பதல்ல. 'இந்த நோய்க்கு, இந்த அறுவைக்கு, இங்கே உண்டா?' என்று கேளுங்கள். 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணிலும் இதைக் கேட்கலாம்.

அப்ரூவல் எப்படி வருகிறது என்பதைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம். இதய ரத்தக்குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் வைக்க வேண்டும். மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவு நோயாளியின் புகைப்படம், ஈ.சி.ஜி., எக்கோ, ஆஞ்சியோ படம், டாக்டரின் குறிப்பு எல்லாவற்றையும் கணினியில் ஏற்றும். அந்தப் பக்கம் காப்பீட்டுத் தரப்பில் ஒரு டாக்டர் பார்ப்பார். திருப்தி என்றால் ஒப்புதல். இல்லையென்றால் 'க்வெரி', அதாவது விளக்கம் கேட்டு ஒரு கேள்வி. எக்கோ அறிக்கையில் தேதி இல்லை, ஆஞ்சியோவில் அடைப்பு எத்தனை சதவீதம் என்று எழுதவில்லை, குறிப்பில் வலது குழாய் படத்தில் இடது குழாய் என்று வரும். இதற்கு மருத்துவமனை பதில் போடும் வரை கோப்பு அசையாது. வெளியே உட்கார்ந்திருக்கும் உறவினருக்குச் சொல்லப்படுவது, 'இன்னும் அப்ரூவல் வரலை' என்பது மட்டும். நீங்கள் கேட்க வேண்டியது: "க்வெரி போட்டிருக்காங்களா? என்ன க்வெரி?" பல நேரம் உங்கள் பையில் இருக்கும் பழைய ரிப்போர்ட்தான் அதற்குப் பதில்.

சிகிச்சை முடிந்த பிறகும் கோப்பு மூடுவதில்லை. வைத்த ஸ்டென்ட்டின் ஸ்டிக்கர், உள்ளே தகடு வைத்திருந்தால் அதற்குப் பிந்தைய எக்ஸ்ரே, டிஸ்சார்ஜ் சம்மரி, இத்தனையும் போனால்தான் மருத்துவமனைக்குப் பணம். அந்த ஸ்டிக்கர் உங்களுக்கும் சாட்சி. "இது காப்பீட்டு ஸ்டென்ட், நல்ல ஸ்டென்ட் வேண்டும்னா மேலே கொஞ்சம் கட்டுங்க" என்று யாராவது சொன்னால் பதறாதீர்கள். 2017 பிப்ரவரியிலிருந்து ஸ்டென்ட்டுக்கு மத்திய அரசு உச்சவிலை நிர்ணயித்திருக்கிறது. பேக்கேஜ் என்பது அறுவை, மருந்து, உள்ளே வைக்கும் பொருள், படுக்கை, சாப்பாடு எல்லாம் சேர்ந்தது. அதையும் மீறிக் கட்டித்தான் ஆக வேண்டிய நிலை வந்தால், ரசீது இல்லாமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். துண்டுச் சீட்டில் எழுதித் தந்த தொகையை வைத்துப் புகார் எழுதினால், அது எழுதிய கைக்குத்தான் வலி.

அரசு மருத்துவமனையில் எல்லாமே இலவசம், பிறகு எதற்குக் கார்டு கேட்கிறார்கள் என்று ஒரு சந்தேகம். கார்டைக் காட்டினால் தனியாருக்குப் போகும் அதே காப்பீட்டுப் பணம் அரசு மருத்துவமனைக்கு வரும். அதில் கருவி வாங்கலாம், பொருத்தும் பொருள் வாங்கலாம். உங்கள் ஐந்து லட்ச வரம்பில் அந்தத் தொகை குறையும் என்பது உண்மைதான். ஆனாலும் கார்டைக் கொடுங்கள் என்றுதான் சொல்வேன்.

திட்டத்துக்கு வெளியே நிற்பதையும் சொல்ல வேண்டும். சர்க்கரை மாத்திரை, ரத்த அழுத்த மாத்திரை, புறநோயாளிச் சீட்டு எதுவும் இதில் வராது. அதற்கு ஆரம்ப சுகாதார நிலையமும் 2021-இல் வந்த மக்களைத் தேடி மருத்துவமும்தான். சாலை விபத்து என்றால் முதல் 48 மணி நேரத்துக்கு 'இன்னுயிர் காப்போம்' திட்டம். அங்கே கார்டே கேட்கக் கூடாது.

இப்போது எனக்கு உறுத்தும் இடத்துக்கு வருகிறேன். ஆண்டுக்கு 1,20,000 என்றால் மாதம் பத்தாயிரம், அதுவும் குடும்பம் முழுவதற்கும். நாளுக்கு 800 ரூபாய் வாங்கும் கொத்தனார் மாதம் இருபது நாள் வேலைக்குப் போனால் ஆண்டுக்கு 1,92,000. உண்மையைச் சொன்னால் அவர் வெளியே. ஆறு பேர் வேலை பார்க்கும் ஜவுளிக்கடையில் 15,000 சம்பளம் வாங்கும் பெண்ணும் வெளியே. அவருக்கு ஈ.எஸ்.ஐ., அதாவது தொழிலாளர் அரசுக் காப்பீடு, உண்டா என்றால், 21,000 வரை சம்பளம் வாங்குவோருக்கு உண்டு, ஆனால் கடையில் பத்துப் பேராவது இருக்க வேண்டும். ஆறு பேர்தானே! இரண்டு கதவும் சாத்தியிருக்கிறது. வருமானச் சான்று எழுதும் மேஜையில் இதை எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று இந்த அவைக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நேர்மையானவரைத் தண்டிக்கும் வரம்பு இது.

2022 ஒப்பந்தப்படி ஒரு குடும்பத்துக்கு அரசு கட்டிய பிரீமியம், அதாவது காப்பீட்டுச் சந்தா, ஆண்டுக்கு 849 ரூபாய். மாதம் 71 ரூபாய். வரம்புக்குச் சற்று மேலே இருப்பவர் அதைத் தானே கட்டிச் சேரட்டும் என்று விடலாமே? விடலாம், ஒரு சிக்கலோடு. இஷ்டப்பட்டவர் சேரலாம் என்று கதவைத் திறந்தால் டயாலிசிஸ் நடப்பவரும் அறுவைக்கு நாள் குறித்தவரும்தான் முதலில் வருவார்கள். 849 ரூபாய் என்ற கணக்கு 1.37 கோடிக் குடும்பங்களில் மிகச் சிலரே ஓர் ஆண்டில் படுக்கையில் விழுவார்கள் என்பதால் நிற்கிறது. நோயாளிகள் மட்டும் சேர்ந்தால் அந்தக் கணக்கு மறுவருடமே உடையும். 2003-இல் கர்நாடகத்தில் தொடங்கிய யஷஸ்வினி மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இதற்கு ஒரு வழி கண்டது. ஆளுக்கு ஆண்டுக்கு 60 ரூபாய் சந்தா. ஆனால் தனி ஆளாக வந்து சேர முடியாது, கூட்டுறவுச் சங்க உறுப்பினராக இருக்க வேண்டும். நமக்குத் தொழிலாளர் நல வாரியங்கள் இருக்கின்றன, வணிகர் சங்கங்கள் இருக்கின்றன. வாரியப் பதிவைப் புதுப்பிக்கும்போதே இந்தச் சந்தாவையும் எல்லோரிடமும் வாங்கினால் திடமானவரும் நோயாளியும் ஒரே பையில் வருவார்கள். அதற்கு வருமானச் சான்றே வேண்டாம்.

இனி உங்கள் கேள்விகள். ரேஷன் அட்டை நகல் கொண்டுவந்தவர்கள் முன்வரிசைக்கு வாருங்கள். மருமகள் பெயர் இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிடலாம்.