கூட்டி அனுப்பும் இலை

எல்லாருக்கும் வணக்கம்.

போன வருடம் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் சமூகத் தோட்டத்தில் ஓர் அக்கா என்னைக் கூப்பிட்டார். "தம்பி, மூன்று மாதமாக உரம் போடுகிறேன், கத்தரி முழங்கால் உயரம்கூட வரவில்லையே!" மண்வெட்டியைப் போட்டேன். அரைச் சாண்தான் இறங்கியது. கீழே செங்கல் போல இறுகிய களிமண். முந்தின நாள் மழை அதன்மேல் தேங்கி வாடை அடித்தது. வேருக்குக் காற்றே இல்லாதபோது உரம் என்ன செய்யும்?

கட்டடம் எழும்பும்போது மேல்மண்ணை வழித்துவிடுகிறோம். லாரிகள் அடிமண்ணை அழுத்துகின்றன. கடைசியில் கொஞ்சம் மண் பரப்பிப் புல் பதிக்கிறோம். பார்க்கப் பச்சை, அவ்வளவுதான்.

நம் சிங்கப்பூர்த் தீவு மண்ணைத் தொலைப்பது இது முதல்முறை அல்ல. 19ஆம் நூற்றாண்டில் காட்டை அழித்து, தோல் பதனிட உதவும் காம்பியர் என்ற செடியைப் பயிரிட்டார்கள். அதன் இலையைக் காய்ச்ச விறகும் காட்டிலிருந்தே வந்தது. சில ஆண்டுகளில் மண் களைத்ததும் அடுத்த காட்டுக்கு நகர்ந்தார்கள். விட்ட இடத்தில் லாலாங் என்ற களைப் புல் மண்டியது.

சரி, புக்கிட் தீமா காட்டுக்குப் போய்ப் பாருங்கள். அங்கேயும் கருங்கல் சிதைந்து உண்டான, புளிப்பான, சத்துக் குறைந்த மண்தான். அதில் அத்தனை உயர மரங்கள்! விழுந்த இலை விழுந்த இடத்திலேயே கிடக்கிறது. பூஞ்சையும் கறையானும் அதை மட்கவைத்து வேருக்கே திருப்புகின்றன. நம் வெயிலுக்கும் மழைக்கும் எரு சீக்கிரம் கரைந்துவிடும். ஒருமுறை போட்டால் போதாது, போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். காடு அதைத்தான் செய்கிறது. நாமோ தினமும் காலையில் கூட்டி, பையில் கட்டி அனுப்புகிறோம். கூட்டுகிறவர்கள்மேல் குறையில்லை. குப்பை என்று புகார் சொல்பவர்கள் நாம்தான்.

கொசு வருமே என்கிறீர்கள். பயம் நியாயமானது. குழிந்த பெரிய இலையில் தண்ணீர் நிற்கும், அங்கே டெங்கி பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடும். அதனால் நறுக்கிப் போடுங்கள்.

அக்காவின் பாத்தியை ஒருமுறை ஆழக் கிளறினோம், மட்கிய உரம் கலந்தோம். மேலே நான்கு விரல் கனத்துக்கு இலை, தண்டை ஒட்டாமல். பாத்தியை மிதிக்காமல் நடக்க ஒரு பலகை. இலை மட்க மட்க மறுபடி நிரப்பினார். இப்போது மண்வெட்டி ஒரு முழம் இறங்குகிறது.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் புளோக்கின் மரத்தடி இலையை அங்கேயே விட முடியுமா என்று நகர மன்றத்துக்கு எழுதுங்கள். ஒரு மரத்தடியில் தொடங்கினாலும் போதும்.