அடிபட்ட பிறகுதான் ஆசான் கண்ணில் பட்டார்

நடுவர் அவர்களே, சபையோரே, வணக்கம்.

தலைக்கனம் பிடித்த பிள்ளையைத் திருத்துவது ஆசானா, தோல்வியா? இதுதான் தலைப்பு. எடுத்துக்கொண்ட படம் 1978-ல் ஹாங்காங்கில் வந்த ‘டிரங்கன் மாஸ்டர்’. பிச்சைக்கார சோ என்ற குடிகார ஆசானைப் பற்றி எதிரணி நண்பர் உருகிப் பேசினார். எனக்கும் அந்தக் கிழவரை ரொம்பப் பிடிக்கும். ஆனாலும் நான் தோல்வியின் பக்கம்தான்.

கதை நடக்கிற வரிசையைப் பாருங்கள். 24 வயது ஜாக்கி சான் நடித்த வோங் ஃபெய்-ஹுங்குக்கு அப்பாவே குங்ஃபூ ஆசான். அவர் பேச்சு எடுபடவில்லை. அடுத்து சோ வருகிறார். தலைகீழாகத் தொங்கியபடி கீழ் வாளித் தண்ணீரைச் சின்னக் கிண்ணத்தால் மொண்டு மேல் வாளியை நிரப்பச் சொல்கிறார். பையன் என்ன செய்தான்? ஓடிப்போனான். போன இடத்தில் கூலிக்குக் கொலை செய்யும் ‘இடிக்கால்’ என்பவனிடம் அடியும் அவமானமும் பட்டான். அப்புறம் யாரும் இழுத்து வரவில்லை, தானாகவே சோவைத் தேடி வந்தான். அதே ஆசான்தான், அதே பயிற்சிதான். நடுவில் வந்தது ஒரு தோல்வி மட்டும்தானே?

“முன்னாடியே ஒரு பெண்மணியிடம் உதை வாங்கினானே, அப்போது ஏன் திருந்தவில்லை?” என்று நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. ஒரு பெண்ணிடம் வாலாட்டி, அவள் அம்மாவிடம் செம்மையாக வாங்குகிறான். பிறகு பார்த்தால் அந்த அம்மாவும் பெண்ணும் அவனுக்கே சொந்தக்காரர்கள். ஆனால் அது கண்டிக்கிற கை. வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்ச் சோறு சாப்பிடலாம். இடிக்காலிடம் அந்த உத்தரவாதம் கிடையாது. உயிர் மிஞ்சியதே பெரிது என்று அவனுக்கு அங்கேதான் உறைக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சோ கற்றுத் தந்தது எட்டு அமரர்களின் குடிபோதை ஆட்டம்; அதாவது, சீனப் புராணத்தில் வரும் எட்டு அமரர்களின் பெயரில், குடித்தவர் போலத் தள்ளாடிச் சண்டை போடும் எட்டு முறைகள். ஏழு ஆட்டங்களைக் கற்றவன், எட்டாவதான ஹோ என்ற பெண்ணின் ஆட்டத்தைப் பொம்பளை நளினம் என்று ஒதுக்கிவிட்டான். ஆசான் கூடவே இருந்தும் அவ்வளவு தலைக்கனம் மிச்சம் இருந்தது! கடைசிச் சண்டையில் ஏழும் பலிக்காமல் போகும்போதுதான், எட்டாவதைக் கற்கவில்லை என்று வாய்விட்டு ஒப்புக்கொள்கிறான். நீயே ஒன்றை உருவாக்கிக்கொள் என்கிறார் சோ. உதை வாங்கிய அதே உடம்போடு, தான் கேவலமாக நினைத்த அந்த நளினத்தையே எடுத்து ஆடுகிறான் நடுவர் அவர்களே. அந்த ஆட்டத்தில்தான் இடிக்கால் விழுகிறான்.