சர்ச் ஒன்றில் வைத்த தராசு

அவையோருக்கு வணக்கம். எனக்குக் கொடுத்த தலைப்பு ‘தாராளவாதமும் பன்மைவாதமும் சமூகப் பிரச்சினைகளும்’. தாராளவாதம் தனிமனிதனின் உரிமையை முன்னால் வைக்கும்; பன்மைவாதம், பல குழுக்கள் தத்தம் அடையாளத்தோடு சேர்ந்து வாழ்வதை. கேட்டதுமே பாதிப் பேருக்குக் கொட்டாவி வந்திருக்கும். அதனால் இரண்டு பேட்டைகளின் கதையாகச் சொல்லிவிடுகிறேன்.

சிகாகோவில் பெரிய கால்நடைச் சந்தை ஒன்று இருந்தது. சுற்றிலும் இறைச்சித் தொழிற்சாலைகள். அதன் பின்பக்கத்துக் குடியிருப்புக்குப் பேரே ‘பேக் ஆஃப் தி யார்ட்ஸ்’, அதாவது தொழுவத்துக்குப் பின்னால். போலந்துக்காரர், லிதுவேனியர், ஸ்லோவாக்கியர், ஐரிஷ்காரர் என்று பலரும் அங்கே இருந்தார்கள். பெரும்பாலும் கத்தோலிக்கர்கள்தான், ஆனாலும் இனத்துக்கு ஒரு சர்ச், அதற்கென்று தனிச் சாமியார். ஒருவரோடு ஒருவர் ஒட்டமாட்டார்கள். இதை நமக்கு விளக்க வேண்டுமா என்ன?

1939 ஜூலையில், மக்களைத் திரட்டி அமைப்பு கட்டுவதையே வேலையாகக் கொண்ட சால் அலின்ஸ்கியும், அங்கே பூங்கா ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்த ஜோசப் மீகனும் இவர்களை ஒரே கூடத்தில் உட்காரவைத்தார்கள். ஆட்களைத் தனித்தனியாகச் சேர்க்கவில்லை. சர்ச், தொழிற்சங்கம், கிளப் என்று அமைப்புகளைச் சேர்த்தார்கள். ‘உங்கள் வேற்றுமையை வாசலில் கழற்றி வைத்துவிட்டு வாருங்கள்’ என்று யாரும் சொல்லவில்லை. அது பாட்டுக்கு இருக்கட்டும், சம்பளத்தையும் பிள்ளைகளின் சாப்பாட்டையும் பேசுவோம் என்றார்கள். ஷீல் என்ற ஆயரும் தொழிற்சங்கத் தலைவர் ஜான் லூயிஸும் ஒரே மேடை ஏறினார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு கிடைத்தது. பன்மைவாதம் என்பது நடைமுறையில் இவ்வளவுதான்.

சரி, தாராளவாதிக்கு இதில் என்ன குறை? ‘கூட்டத்துக்குக் குரல் கிடைத்துவிட்டது. எந்தக் கூட்டத்திலும் சேராதவனுக்கு?’ என்று அவர் கேட்பார். புத்தகக் கேள்வி என்றுதான் நானும் ஒரு காலத்தில் நினைத்தேன். ஆனால் 1950களில் அதே பேட்டை, கறுப்பின மக்கள் குடிவராமல் தடுப்பதில் குறியாக இருந்தது. ஒன்றுபடக் கற்றுக்கொண்டவர்கள், அந்த ஒற்றுமையாலேயே கதவைச் சாத்தினார்கள்.

அடுத்து, அதே நகரத்தில் கறுப்பின மக்கள் வாழ்ந்த உட்லான். 1960களின் தொடக்கத்தில் அங்கே ஒரு சங்கம் கட்டுவதில் போதகர் ஆர்தர் பிரேசியர் முன்னின்றார். அலின்ஸ்கியின் ஆட்களும் உதவினார்கள். முதலில் கையில் எடுத்தது கடைக்காரர்களின் எடைத் திருட்டை. கத்தோலிக்க சர்ச் ஒன்றில் தராசும் கணக்குப் போடும் இயந்திரமும் வைத்தார்கள். கடையில் வாங்கிய பொட்டலத்தை அங்கே கொண்டுவந்து தட்டில் வைக்க வேண்டியது. எடை சரியா, பில் கூட்டல் சரியா? ஏமாற்றிய கடைக்காரர்களின் பேர் ஊரறியச் சொல்லப்பட்டது. உரிமை பற்றி நூறு கூட்டம் போடலாம். என் கறியில் எவ்வளவு குறைந்தது என்று முள் காட்டும்போது வருகிற கோபம் வேறு. எனக்கு இந்தக் கதையில் பிடித்த இடம் இதுதான். அந்தத் தராசுக்கு நீ எந்தச் சங்கம் என்ற கேள்வியே கிடையாது. பொட்டலம் இருந்தால் போதும். ஆனால் சங்கம் ஒன்று இல்லாமல் தராசே அங்கே வந்திருக்காது. தாராளவாதியும் பன்மைவாதியும் அந்த இடத்தில் சண்டையை நிறுத்த வேண்டியதுதான்.

1961இல் அதே உட்லானிலிருந்து 46 பேருந்துகள், வாக்காளர் பட்டியலில் பேர் சேர்க்க நகர மன்றத்துக்குப் புறப்பட்டன.

அலின்ஸ்கி 1972இல் இறந்தார். அந்த வருடம் வெளியான பேட்டி ஒன்றில், பேக் ஆஃப் தி யார்ட்ஸுக்கே திரும்பிப் போய், தான் கட்டிய அமைப்பைக் கவிழ்க்க இன்னொன்றைக் கட்டலாமா என்று யோசித்ததாகச் சொல்லியிருந்தார்.