லீவ் போட்டால் ஈடுபாடு இல்லை என்று அர்த்தமா?

அடுத்த கேள்வி பாலக்கோட்டிலிருந்து. தருமபுரியில் ஒரு ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கும் தங்கச்சி கேட்கிறார்: "குழந்தைக்குக் காய்ச்சல், மாமியாருக்கு முடியவில்லை என்று மாதத்தில் இரண்டு மூன்று நாள் திடீர் லீவ் ஆகிவிடுகிறது. உனக்கு வேலையில் ஈடுபாடே இல்லை என்கிறார்கள். உண்மையா அக்கா?"

இல்லை அம்மா. லீவ் வேறு, ஈடுபாடு வேறு.

1985-இல் கிரீன்ஹாஸ், பியூட்டெல் என்ற இரண்டு ஆய்வாளர்கள் வேலைக்கும் குடும்பத்துக்கும் நடக்கும் இந்த இழுபறியைப் பற்றி எழுதினார்கள். அவர்கள் சொன்ன வகைகளில் நேரம் இடிப்பது ஒன்று, ஓரிடத்துச் சோர்வு இன்னோரிடத்துக்குக் கூடவே வருவது இன்னொன்று. உங்களுக்கு நடப்பது முதல் வகை. காய்ச்சலில் கிடக்கும் குழந்தையை விட்டுவிட்டு எப்படி பஸ் ஏறுவது? அது வருகைப் பதிவேட்டில் தெரிந்துவிடுகிறது, அதனால் திட்டும் விழுகிறது.

இரண்டாவது வகை எந்தப் பதிவேட்டிலும் ஏறாது. நான் வார்டு பார்த்த காலத்தில் ஒரு சிஸ்டர் ஒரு நாள்கூட லீவ் எடுக்க மாட்டார். ஒரு நைட் டூட்டியில், ஒரு பாட்டிக்கு நாடி பார்த்துக் குறித்தார். கோட்டுப் பையில் போன் அதிர்ந்தது, வீட்டிலிருந்து. பேசிவிட்டு வந்து மறுபடியும் அதே பாட்டியின் கையைப் பிடித்தார். "இப்பத்தானே கண்ணு பிடிச்ச" என்றார் பாட்டி. வருகை முழுசு. ஆனால் மனசு வார்டில் இல்லை. எனக்கு உங்கள் லீவைவிட இதுதான் பயம்.

அப்புறம், நர்ஸ் வேலையில் ஒரு சிக்கல் உண்டு. ஹேண்ட் ஓவர், அதாவது வார்டுப் பொறுப்பை, வாங்க ஆள் வராமல் முந்தைய ஷிஃப்ட் சிஸ்டர் வார்டை விட்டு நகர முடியாது. நீங்கள் வராத நாளில் அவர் டபுள் டூட்டி பார்ப்பார், அவர் வீட்டில் அடுப்பு எரியாது, அடுத்த வாரம் அவர் லீவ் கேட்பார். ஆள் போதாத வார்டில் லீவ் இப்படித்தான் கை மாறிக்கொண்டே போகும். இதை உங்கள் ஒருவர் தலையில் கட்டுவது நியாயமே இல்லை.

சரி, என்ன செய்யலாம்? டூட்டி பட்டியலை இரண்டு வாரம் முன்பே கேளுங்கள். ஷிஃப்ட் மாற்றிக்கொள்ள ஒரு சிஸ்டரிடம் முன்கூட்டியே பேசி, சூப்பரின்டெண்டிடமும் சொல்லி வையுங்கள். காய்ச்சல் ராத்திரியே தெரிந்துவிட்டால் ராத்திரியே போன் போடுங்கள். காலை ஆறு மணிக்குச் சொன்னால் அவர் யாரைத் தேடுவார்?