500 எர்ரர் வந்தால் பெர்லைத் திட்டாதீர்கள்

வணக்கமுங்க. சென்னிமலையில் இருந்து பேசுகிறேன். பின்னால் டக்கடக்கென்று கேட்கிறதே, அது பக்கத்து வீட்டுத் தறி. காலையில் இருந்து ஓடிக்கொண்டே இருக்கிறது. ஹெட்போன் போட்டிருப்பவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வீடியோவில் பெர்லில் வெப் ஸ்கிரிப்ட் எழுதுவதைப் பற்றி ஒரு வார்த்தை விட்டேன். வந்த கேள்விகளைப் பார்த்தால், நிறையப் பேர் திருப்பூர், ஈரோடு பக்கம் ஏதாவது ஓர் ஆபீசில் சேர்ந்து, எப்போதோ யாரோ எழுதிவைத்த ஸ்கிரிப்ட் தலையில் கட்டப்பட்டவர்கள். "அண்ணா, எழுதியவர் வேலையை விட்டுப் போயிட்டார், என்னைப் பார்க்கச் சொல்றாங்க." நானும் அந்த வழியாகத்தான் வந்தேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். சிஜிஐ வேறு, பெர்ல் வேறு. பெர்ல் ஒரு மொழி. லாரி வால் 1987-ல் வெளியிட்டது, அப்போது வெப் என்ற ஒன்றே கிடையாது. சிஜிஐ என்பது 1993-ல் வந்த ஓர் ஏற்பாடு. பிரவுசர் கேட்டதை வெப் சர்வர் ஒரு புரோகிராமிடம் எப்படிக் கொடுப்பது, அந்தப் புரோகிராம் பதிலை எப்படித் திருப்பித் தருவது என்பதற்கான பேச்சு, அவ்வளவுதான். பைத்தானில் எழுதலாம், சி-யில் எழுதலாம், ஷெல் ஸ்கிரிப்ட்டில்கூட எழுதலாம்.

இதை ஏன் இழுக்கிறேன் என்றால், புதிதாக வருகிறவர்களுக்கு வரும் தொல்லையில் முக்கால்வாசி பெர்லில் இருந்து வருவதில்லை. சர்வருக்கும் ஸ்கிரிப்ட்டுக்கும் நடுவில் இருக்கிற அந்தப் பேச்சில்தான் வருகிறது. நீங்கள் என்னடா என்றால் பெர்ல் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டு இருக்கிறீர்கள்.

அதிகம் பேர் கேட்டது இதுதான்: "டெர்மினலில் நன்றாக ஓடுகிறது, பிரவுசரில் திறந்தால் 500 இன்டர்னல் சர்வர் எர்ரர்." டெர்மினல் என்றால் கமாண்ட் அடித்து ஓட்டுகிற திரை. 500 என்றால் சர்வர் பக்கம் ஏதோ தவறு என்று அர்த்தம்.

லாரி ஆபீசில் பேல் இறக்கியிருக்கிறீர்களா? மேலே சீட்டு ஒட்டாமல் கொண்டுபோனால் வாங்கவே மாட்டார்கள். உள்ளே எவ்வளவு நல்ல பெட்ஷீட் இருந்தாலும் சரி. சிஜிஐ-யும் அப்படித்தான். முதலில் கன்டென்ட்-டைப் என்று ஒரு வரி, அதாவது வருவது எச்டிஎம்எல்லா வெறும் எழுத்தா என்ற சீட்டு. அதற்குப் பிறகு ஒரு வெற்று வரி கட்டாயம் வேண்டும். சீட்டு முடிந்தது, இனிமேல் சரக்கு என்று சர்வருக்குச் சொல்வது அந்த வெற்று வரிதான். திரையில் பாருங்கள், பிரிண்ட் வரியின் கடைசியில் பேக்ஸ்லாஷ் என், அதாவது அடுத்த வரிக்குப் போ என்ற குறி, இரண்டு முறை இருக்கிறது. ஒன்றை விட்டுவிட்டால் 500. டெர்மினலுக்குச் சீட்டைப் பற்றிக் கவலை இல்லை, எதைக் கொடுத்தாலும் காட்டிவிடும். அதனால்தான் அங்கே "நன்றாக ஓடுகிறது".

அடுத்தது என் சொந்தக் கதை. ஒரு பனியன் ஆபீசில் ஆர்டர் நிலவரம் காட்டும் ஸ்கிரிப்ட். ஒரே ஒரு வார்த்தை மாற்றச் சொன்னார்கள். விண்டோஸ் வேர்ட்பேடில் திறந்து மாற்றி, சேமித்து, சர்வரில் ஏற்றினேன். உடனே 500. எழுத்துப்பிழை இருக்கிறதா என்று பெர்ல் மைனஸ் சி போட்டுப் பார்த்தேன், சின்டாக்ஸ் ஓகே என்றது. பெர்ல் என்று பெயர் சொல்லி ஓட்டினேன், ஓடியது. சர்வர் தவறுகளைக் குறித்துவைக்கும் லாகைத் திறந்தால் "நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி". ஏனுங்க, ஃபைல் கண் முன்னால் இருக்கிறதே! அரை நாள் போனது. மேனேஜர் மூன்று முறை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

விஷயம் என்ன? விண்டோஸ் ஒவ்வொரு வரியின் கடைசியிலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறியைக் கூடுதலாக வைக்கிறது, கேரேஜ் ரிட்டர்ன் என்று பெயர். ஸ்கிரிப்ட்டின் முதல் வரியில் பெர்ல் எங்கே இருக்கிறது என்று எழுதியிருப்போம் இல்லையா, அதன் வாலிலும் அது ஒட்டிக்கொண்டது. லினக்ஸ் போய் "பெர்ல்" என்ற புரோகிராமைத் தேடவில்லை. "பெர்ல்-பிளஸ்-அந்தக் குறி" என்ற பெயரில் ஒன்றைத் தேடியது. அப்படி ஒன்று எங்கே இருக்கும்? காணவில்லை என்றது ஸ்கிரிப்ட்டை அல்ல, அதைத்தான். கேட் மைனஸ் பெரிய ஏ போட்டால் வரிக் கடைசியில் தொப்பிக் குறியும் எம்மும் தெரியும். டாஸ்-டு-யூனிக்ஸ் என்ற சின்னக் கருவி ஒரு நொடியில் சரிசெய்துவிடும்.

அதனால், 500 வந்தால் பிரவுசரை முறைத்துப் பயன் இல்லை. சர்வரின் எர்ரர் லாகைத் திறங்கள். உபுண்டுவில் அப்பாச்சி வெப் சர்வர் என்றால் வார், லாக், அப்பாச்சி 2 என்ற ஃபோல்டருக்குள் இருக்கும். "பெர்மிஷன் டினைட்" என்றால் ஃபைலுக்கு 755, அதாவது ஓட்டுவதற்கான அனுமதி, கொடுத்தீர்களா பாருங்கள். "கேன்ட் லொகேட் சிஜிஐ டாட் பிஎம்" என்றால் பழைய பாடத்தைப் பார்த்து எழுதியிருக்கிறீர்கள் என்று அர்த்தம். முன்பு அந்த மாட்யூல் பெர்லோடு சேர்ந்தே வரும். 2015-ல் வந்த 5.22-ல் எடுத்துவிட்டார்கள். இப்போது தனியாக நிறுவ வேண்டும்.

பிரவுசரில் ஸ்கிரிப்ட்டில் எழுதிய வரிகளே அப்படியே தெரிகிறது என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். சிரித்துவிட்டுப் போகிற விஷயம் இல்லை. சர்வர் அதை ஓட்ட வேண்டிய ஃபைலாக நினைக்காமல் சும்மா ஒரு ஃபைலாகக் கொடுக்கிறது. உள்ளே டேட்டாபேஸ் பாஸ்வேர்டு இருந்தால் ஊரே படிக்கும். முதலில் ஃபைலை அங்கிருந்து எடுங்கள், பாஸ்வேர்டை மாற்றுங்கள், அப்புறம் அமைப்பைப் பாருங்கள்.

சரி, தமிழுக்கு வருவோம். இதைத்தான் யாரும் ஒழுங்காகச் சொல்லித் தருவதில்லை. என் மாமா ஈரோட்டில் மஞ்சள் மண்டியில் கணக்குப் பார்க்கிறார். அவருக்கு ரசீது ஸ்கிரிப்ட் ஒன்று எழுதிக் கொடுத்தேன். ரசீதில் இடம் குறைவு, அதனால் விவசாயி பெயரை 20 எழுத்தோடு வெட்டு என்று போட்டிருந்தேன். சோதனைக்குக் குப்புசாமி என்று அடித்தால், "குப்பு", அதன்பிறகு கறுப்புக் கட்டத்துக்குள் ஒரு கேள்விக்குறி. மாமா ஒரு மணி நேரம் சிரித்தார்.

பெயரோ சின்னது, 20 எழுத்தை எங்கே தாண்டியது? நான் எழுத்து என்று நினைத்ததைப் பெர்ல் பைட்டாக எண்ணியிருக்கிறது. பைட் என்றால் கணினி சேமித்துவைக்கும் சின்ன அளவு. எழுத்தைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 என்ற முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட். குப்புசாமியில் உயிர்மெய்க்குறி, புள்ளி எல்லாம் சேர்த்து 10 குறியீடு, ஆக 30 பைட். இருபதில் வெட்டினால் ஆறு குறியீடு முழுசாக வரும், ஏழாவதான ச நடுவில் அறுந்துபோகும். டிகோட் செய்துவிட்டு, அதாவது பைட்டை எழுத்துக் குறியீடாக மாற்றிவிட்டு, லெங்த் கேட்டால் 10 என்று சொல்லும். நாம் பள்ளிக்கூடத்தில் எண்ணுகிற மாதிரி 5 வேண்டும் என்றால் ரெகெக்ஸ் என்ற தேடும் வடிவத்தில் பேக்ஸ்லாஷ் பெரிய எக்ஸ் போட்டு எண்ண வேண்டும். கு, ப், பு, சா, மி.

கவனிக்க வேண்டிய இடம் மூன்று. ஸ்கிரிப்ட்டுக்குள் நீங்களே தமிழ் எழுதியிருந்தால் யூஸ் யுடிஎஃப்8. ஃபார்மில் இருந்து வருவதை டிகோட் செய்ய வேண்டும். வெளியே போவதை மறுபடி பைட்டாக மாற்றுவதற்கு பின்மோட். ஒன்றைச் செய்து மற்றதை விட்டால் "வைட் கேரக்டர் இன் பிரிண்ட்" என்று லாக் நிறையப் புலம்பும், இல்லாவிட்டால் திரையில் பிரெஞ்சு எழுத்து மாதிரி குப்பை வரும்.

புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் சிஜிஐ-யில் ஆரம்பிக்கலாமா? என்னைக் கேட்டால் வேண்டாம். ஒவ்வொரு கோரிக்கைக்கும் பெர்லை முதலில் இருந்து எழுப்பி, முடிந்ததும் தூங்கவைக்கிறது. ஒவ்வொரு டீக்கும் அடுப்பைப் பற்றவைத்து அணைக்கிற கடை எத்தனை நாள் தாங்கும்? மொஜோலிசியஸ் என்ற பெர்ல் வெப் ஃபிரேம்வொர்க்கைப் போட்டுக்கொள்ளுங்கள். மார்போ என்று ஒரு கமாண்ட், 3000-ஆம் போர்ட்டில் உங்கள் லேப்டாப்பிலேயே பக்கம் திறக்கும். அப்பாச்சி வேண்டாம், 755 வேண்டாம். பழைய ஸ்கிரிப்ட்டைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு மட்டும் சிஜிஐ தெரிந்தே ஆக வேண்டும்.

கடைசியாக, லாட் நம்பர் இரண்டு பேருக்கு ஒன்றாகவே விழுகிறது என்று ஒரு அக்கா எழுதியிருந்தார். நம்பரை ஒரு ஃபைலில் வைத்திருக்கிறீர்கள், இரண்டு பேர் ஒரே நேரத்தில் அமுக்கினால் இரண்டு பேரும் 41-ஐப் படித்து இரண்டு பேரும் 42 எழுதுவார்கள். பெர்லில் ஃபைலைப் பூட்டுகிற ஃப்ளாக் (flock) போட்டுப் பூட்டுங்கள் அக்கா. ஆனால் படித்து மூடிவிட்டு, மறுபடி திறந்து எழுதினால் நடுவில் பூட்டு போய்விடும். எழுதுவதற்கு மட்டும் என்று திறந்தால், பூட்டுவதற்கு முன்பே ஃபைல் காலியாகிவிடும். படிக்கவும் எழுதவும் சேர்த்து ஒரே முறை திறந்து, பூட்டி, படித்து, எழுதி, அப்புறம் மூடுங்கள். அப்படியும் இரட்டை நம்பர் விழுந்தால் ஸ்கிரிப்ட்டில் அந்தப் பகுதியை மட்டும் எனக்கு அனுப்புங்கள், பாஸ்வேர்டு இருந்தால் அழித்துவிட்டு.