வாட்ச்ல எச்.ஆர்.வி 24 காட்டுதுங்க, ஹார்ட்டுக்கு ஆபத்தா? – சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கங்க. இன்னைக்கு ஒரே ஒரு கேள்விதான் எடுத்திருக்கேன். அதுக்குள்ளயே நாலஞ்சு கேள்வி இருக்கு. அப்படியே படிக்கிறேன்.

“சேலம் அம்மாபேட்டைங்க. வயசு 46, விசைத்தறி ஓட்டுறேன். 6 வருஷமா சுகர் இருக்கு, மாத்திரை போட்டுக்கறேன். புதுசா ஆப்பிள் வாட்ச் வாங்கினேன். அதுல எச்.ஆர்.வி 24னு வருது. மச்சான் வேற கம்பெனி வாட்ச் கட்டறார், அவருக்கு 58. எச்.ஆர்.வில எஸ்.டி.என்.என்னு ஒரு கணக்கு இருக்காம், அது 50க்குக் கீழ போனா ஹார்ட்டுக்கு ஆபத்துன்னு படிச்சேன். போன வாரம் ரெஸ்ட் எடுக்கலாம்னு ஏற்காடு போய் ஒரு ராத்திரி தங்கினோம். 11 மணிக்கு மேல சாப்பாடு, கொஞ்சம் டிரிங்க்ஸும் உண்டு. காலைல பார்த்தா 15! மலைக்குப் போயும் டென்ஷனான்னு மச்சான் கிண்டல் பண்றார். விளக்குங்க.”

சரிங்கண்ணா. கட்டைவிரல் பக்கம் மணிக்கட்டுல ரெண்டு விரலை வச்சு நாடியைப் பிடிச்சுக்கோங்க. பார்த்துட்டு இருக்கற எல்லாரும் பிடிக்கலாம். இப்ப 5 செகண்ட் மெதுவா மூச்சை இழுங்க... 5 செகண்ட் விடுங்க. இன்னும் ரெண்டு தடவை. இழுக்கும்போது துடிப்பு நெருங்கி நெருங்கி வரும், விடும்போது தள்ளித் தள்ளி விழும். சின்ன வயசுப் பிள்ளைங்க கையில இது பளிச்சுன்னு தெரியும். அந்த நெருக்கமும் தள்ளலும்தான் எச்.ஆர்.வி. ரெண்டு துடிப்புக்கு நடுவுல இருக்கற இடைவெளி எவ்வளவு மாறுதுங்கற கணக்கு.

தறின்னா ஒரே சீரா ஓடினாத்தான் நல்ல தறி. இதயம் அதுக்கு நேர் எதிர்ங்க. இதயத்துல தானா துடிப்பை உண்டாக்கற ஒரு முடிச்சு இருக்கு, சைனஸ் நோட்னு சொல்வோம். அதைத் தனியா விட்டா நிமிஷத்துக்கு 100 பக்கம் ஓடும். சும்மா உட்கார்ந்திருக்கும்போது 70ல நிக்குதுன்னா, மூளையிலேர்ந்து வர்ற வேகஸ் நரம்பு பிரேக் பிடிச்சு வச்சிருக்குன்னு அர்த்தம். மூச்சை இழுக்கும்போது பிரேக் லேசா விடுது, வெளிய விடும்போது பிடிக்குது. இந்த நரம்போட வேலை ஒரு செகண்டுக்குள்ள தெரியும். பதட்டத்துல வேகத்தைக் கூட்டுதே, அந்த சிம்பதெடிக் நரம்பு, அதுக்குச் சில செகண்ட் பிடிக்கும். அதனால துடிப்புக்குத் துடிப்பு வர்ற மாற்றம் பெரும்பாலும் வேகஸ் போடற கணக்குதான். பதட்டம், காய்ச்சல், தூக்கக்கேடு, சாராயம், எது வந்தாலும் உடம்பு பிரேக்கைத் தளர்த்தும், இடைவெளி ஒரே மாதிரி ஆயிரும், எண் இறங்கும். ஆனா இதுல எது வந்து இறங்குச்சுன்னு வாட்சுக்குத் தெரியாதுங்க. அது மணிக்கட்டுல ரத்தம் வந்து போறதை வெளிச்சம் அடிச்சுப் பார்க்குது, அவ்வளவுதான். திரையில ‘ஸ்ட்ரெஸ்’னு போட்டிருக்கறது கம்பெனிக்காரங்க வச்ச பேரு.

இப்ப போர்டைப் பாருங்க, ஒரு கணக்கு போடறேன். இதைப் பார்த்துட்டீங்கன்னா பாதி சந்தேகம் தீர்ந்துரும்.

ஆறு இடைவெளி எழுதறேன், மில்லி செகண்ட்ல: 820, 850, 880, 860, 830, 810. சராசரி 842, அதாவது நிமிஷத்துக்கு 71 துடிப்பு. பக்கத்துப் பக்கத்து எண்ணுக்கு என்ன வித்தியாசம்? 30, 30, 20, 30, 20. ஒவ்வொண்ணையும் வர்க்கம் பண்ணுங்க: 900, 900, 400, 900, 400. கூட்டினா 3500. அஞ்சால வகுத்தா 700. வர்க்கமூலம் எடுத்தா 26 சொச்சம். இதுக்குப் பேருதான் ஆர்.எம்.எஸ்.எஸ்.டி.

இப்ப ஒரு சின்ன தப்பு பண்றேன். கை அசைஞ்சதுல வாட்ச் நடுவுல ஒரு துடிப்பை விட்டுருச்சுன்னு வைங்க. 880ம் 860ம் சேர்ந்து ஒரே இடைவெளியா 1740னு பதிவாகும். வித்தியாசம் என்ன ஆச்சு? 30, 890, 910, 20. வர்க்கம் பண்ணி, கூட்டி, நாலால வகுத்து, வர்க்கமூலம் எடுத்தா 637! அஞ்சு நிமிஷம் முழுக்க அளந்து, அதுல இந்த ஒரே ஒரு துடிப்பு விட்டுப் போனாக்கூட 26 வரவேண்டியது 70ஐத் தாண்டிரும். நல்ல ஆப்புங்க இந்த மாதிரி இடைவெளியைக் கண்டுபிடிச்சுக் கழிச்சுரும், இல்லேன்னா ஒழுங்கா ஒட்டும். எல்லாம் அப்படி இல்லை. பட்டை லூசா இருக்கறது, கை குளிர்ந்து போறது, அளக்கும்போது பேசறது, எல்லாம் இந்தத் தப்பைத்தான் கொண்டு வரும்.

மச்சான் விஷயம். உங்க ஆப்பிள் வாட்ச் காட்டறது எஸ்.டி.என்.என். அது வேற கணக்கு, மொத்த இடைவெளியும் சராசரியிலேர்ந்து எவ்வளவு சிதறியிருக்குன்னு பார்க்கறது. கார்மின், ஃபிட்பிட், ஓரா மோதிரம் மாதிரி மத்ததுல வர்றது பெரும்பாலும் நான் போர்டுல போட்ட ஆர்.எம்.எஸ்.எஸ்.டி, அதுவும் தூக்கத்துல எடுத்தது. உங்க வாட்ச் நாள்ல அங்கொண்ணும் இங்கொண்ணுமா எடுக்குது. நீங்க ஜரிகையை கிராம்ல நிறுத்துட்டு அவர் துணியை மீட்டர்ல அளந்தா எப்படிங்க ஒப்பிடறது? ரெண்டு பேரும் ஒரே வாட்ச் கட்டினாக்கூட வயசு, பரம்பரை, உடற்பயிற்சி, சுகர் எல்லாம் எண்ணை மாத்தும். வயசு ஏற ஏற எல்லாருக்கும் இறங்கத்தான் செய்யும்.

அந்த 50 எங்கிருந்து வந்ததுன்னும் சொல்லிடறேன், இதை வச்சு நிறைய பேர் பயந்துக்கறாங்க. 1987ல அமெரிக்காவுல கிளைகர்னு ஒரு டாக்டரும் கூட இருந்தவங்களும் மாரடைப்பு வந்து பிழைச்ச 808 பேருக்கு 24 மணி நேரம் ஈ.சி.ஜி மாட்டிப் பார்த்தாங்க. அதுல எஸ்.டி.என்.என் 50க்குக் கீழ இருந்தவங்களுக்கு, 100க்கு மேல இருந்தவங்களைவிட இறப்பு அபாயம் 5 மடங்கு இருந்துச்சு. கவனிங்க, மாரடைப்பு வந்தவங்க, 24 மணி நேரப் பதிவு. ராத்திரி, பகல், நடை, தூக்கம் எல்லாம் அதுல சேரும், அதனால எண் பெருசா வரும். அந்தக் கோட்டைக் கொண்டு வந்து ஒரு நிமிஷ வாட்ச் அளவு மேல போடக்கூடாதுங்க. அளக்கற நேரம் நீள நீள எஸ்.டி.என்.என் கூடும். 1996ல ஐரோப்பிய, அமெரிக்க இதய மருத்துவர்கள் சேர்ந்து விதிமுறை எழுதினப்பவே 5 நிமிஷம் தனி, 24 மணி நேரம் தனின்னு பிரிச்சு வச்சுட்டாங்க.

இப்ப ஏற்காடு. சேலம் கடல் மட்டத்துலேர்ந்து 280 மீட்டர் பக்கம், ஏற்காடு 1500 மீட்டர் பக்கம். 20 கொண்டை ஊசி வளைவு ஏறி மேல போனா காத்தழுத்தம் பத்து சதவீதத்துக்கு மேல குறையும். முதல் ராத்திரி நாடி கொஞ்சம் கூடலாம், எச்.ஆர்.வி கொஞ்சம் இறங்கலாம். ஆனா அது சின்ன ஆளுங்க. பெரிய ஆளு நீங்களே எழுதியிருக்கீங்க: 11 மணிக்கு மேல சாப்பாடு, கூட டிரிங்க்ஸ். சாராயம் உள்ள போனா அன்னைக்கு ராத்திரி தூங்கும்போது நாடி இறங்கவே இறங்காது, வேகஸ் பிரேக் லூசாவே கிடக்கும். லேட்டா வயிறு நிறையச் சாப்பிட்டாலும் அதே கதைதான். புது இடம், அரைகுறைத் தூக்கம் வேற. மலை மேல பழி போடாதீங்க. அடுத்த தடவை 8 மணிக்குள்ள சாப்பிட்டு, டிரிங்க்ஸ் இல்லாம தங்கிப் பாருங்க, எண் எங்க நிக்குதுன்னு உங்களுக்கே தெரியும். சித்திரை, வைகாசில தளம் போட்ட வீட்டுல வெந்துக்கிட்டே தூங்கறோமே, அப்பவும் இப்படித்தான் இறங்கும். வெக்கை, வேர்வை, தண்ணி பத்தாம போறது.

சரி, எப்படி அளக்கறது? காலைல எழுந்ததும் பாத்ரூம் போயிட்டு வந்துருங்க. நிறைஞ்ச மூத்திரப்பையோட அளக்காதீங்க, எண் மாறும். காபிக்கு முன்னாடி, போனை நோண்டறதுக்கு முன்னாடி. உட்கார்ந்து அளக்கறதுன்னா தினமும் உட்கார்ந்தே, படுத்துன்னா தினமும் படுத்தே. ஒரு நிமிஷம் சும்மா இருங்க, அப்புறம் 3லேர்ந்து 5 நிமிஷம் பதிவு. மூச்சை வழக்கம்போல விடுங்க. வேணும்னே மெதுவா மூச்சு விட்டா எண் ஏறும். உங்க வாட்ச்ல மூச்சுப் பயிற்சி பண்ணினா உடனே ஒரு எச்.ஆர்.வி பதிவாகும், அது மத்த நேரத்து எண்ணோட சேராதுங்க. நெஞ்சுல கட்டற பட்டை வாங்க முடிஞ்சா நல்லது, போலார் எச்10 மாதிரி. அது ஈ.சி.ஜி மாதிரி மின்துடிப்பையே எடுக்கும். தொடுற இடத்தைத் தண்ணில நனைச்சுக் கட்டணும். காய்ஞ்ச பட்டையில பதிவு குப்பையாத்தான் வரும்.

ஒரு நாள் 24, மறுநாள் 31, அதுக்கடுத்த நாள் 22. இது சகஜம். நாலு வாரம் விடாம அளந்தாத்தான் உங்க வழக்கமான எல்லை எதுன்னு தெரியும். அதுக்கப்புறம் தினசரி எண்ணைப் பார்க்காதீங்க, 7 நாள் சராசரியைப் பாருங்க. அந்தச் சராசரி உங்க எல்லைக்குக் கீழ போய், கூடவே காலை நாடியும் 5, 6 ஏறி நின்னா ஏதோ நடக்குதுன்னு எடுத்துக்கலாம். காய்ச்சல் வரப்போகுதோ, தூக்கம் கெட்டிருக்கோ, பாவு பணம் வராத கவலையோ, அதை நீங்கதான் யோசிச்சுக் கண்டுபிடிக்கணும். நைட் ஷிப்ட் ஓட்டறவங்க காலைனு பார்க்காதீங்க. உங்களுக்குப் பெரிய தூக்கம் எதுவோ அது முடிஞ்சு எழுந்ததும் அளங்க.

அண்ணா, நீங்க நடுவுல ஒரு வரி எழுதினீங்களே, 6 வருஷமா சுகர்னு, எனக்கு 24ஐ விட அதுதாங்க முக்கியமாப் படுது. சுகர் காலு நரம்பைக் கெடுக்கற மாதிரி இந்த வேகஸ் நரம்பையும் கெடுக்கும். அதைப் பார்க்க வாட்ச் வேண்டாம், ஈ.சி.ஜி மெஷின் போதும். படுக்க வச்சு, 5 செகண்ட் இழு, 5 செகண்ட் விடுன்னு நிமிஷத்துக்கு 6 மூச்சு விடச் சொல்வாங்க. ஒவ்வொரு மூச்சுலயும் நாடி அதிகபட்சம் எவ்வளவு, குறைந்தபட்சம் எவ்வளவுன்னு கழிச்சு சராசரி எடுப்பாங்க. வித்தியாசம் 15 துடிப்பு இருந்தா நல்லா இருக்கு. 10 அல்லது அதுக்குக் கீழன்னா நரம்பு பாதிச்சிருக்கு. நடுவுலன்னா எல்லைக்கோடு. ரொம்ப வயசானவங்களுக்கு இதே அளவு பொருந்தாது. டைப் 2 சுகர்னா தெரிஞ்ச நாள்லேர்ந்தே நரம்பைக் கவனிக்கணும், வருஷம் ஆகட்டும்னு காத்திருக்கக் கூடாது.

ஆரம்பத்துல நாடி பிடிச்சுப் பார்க்கச் சொன்னேன்ல? மூச்சு இழுத்தும் விட்டும் எந்த வித்தியாசமும் தெரியலேன்னா உடனே பயப்படாதீங்க, விரலுக்கு எல்லாம் சரியாப் பிடிபடாது. ஆனா சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நாடி எப்பவும் 100 பக்கம் இருக்கு, எழுந்து நின்னா கண்ணைக் கட்டுது, ரெண்டு வாய் சாப்பிட்டதும் வயிறு ரொம்பின மாதிரி இருக்குன்னா டாக்டர்கிட்ட இதைச் சொல்லிக் கேளுங்க. படுத்த நிலையில ஒரு பி.பி, எழுந்து நின்னு 3 நிமிஷத்துக்குள்ள ஒரு பி.பி எடுக்கச் சொல்லுங்க. மேல் எண் 20 இறங்குச்சுன்னா அதுவே ஒரு சேதி. இந்த நரம்பு கெட்டவங்களுக்கு மாரடைப்பு வந்தாக்கூட நெஞ்சுவலி சரியாத் தெரியாமப் போகலாம், அதனாலதான் இவ்வளவு சொல்றேன்.

எண் கூடினா சந்தோஷப்படறவங்களுக்கும் ஒண்ணு. வழக்கமா 30 வர்றவங்களுக்குத் திடீர்னு 130, 150னு வந்து அப்படியே நின்னா, அது ஆரோக்கியம் இல்லீங்க. வாட்ச் துடிப்பை விட்டிருக்கும், இல்லேன்னா இதயமே தாறுமாறாத் துடிக்குது. நாடியைப் பிடிச்சு ஒரு நிமிஷம் முழுசா எண்ணுங்க. ஒழுங்கே இல்லாம இஷ்டத்துக்கு விழுந்தா அது ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனா இருக்கலாம், அன்னைக்கே ஈ.சி.ஜி எடுக்கணும். பி.பிக்கு மெட்டோப்ரலால் மாதிரி மாத்திரை ஆரம்பிச்சாலும் எண் ஏறலாம். அது மாத்திரை பண்ற வேலை. வாட்ச்ல எண் நல்லா இருக்குன்னு அந்த மாத்திரையை நீங்களா நிறுத்தவே கூடாது.

இன்னொண்ணு, 5 நிமிஷம் அளந்து கலர் பிரிண்ட் குடுத்து ‘உங்க சிம்பதெடிக் 78 சதவீதம்’னு சொல்ற இடங்கள் இருக்கு. நாடியோட ஏற்ற இறக்கத்துல மெதுவா வர்ற அலை எல்.எஃப், வேகமா வர்றது எச்.எஃப், இந்த ரெண்டையும் வகுத்துப் போடற கணக்கு அது. எல்.எஃப் அலையில வேகஸும் கலந்திருக்கு, பி.பியைச் சமன் பண்ற வேலையும் கலந்திருக்கு. நிமிஷத்துக்கு 6 மூச்சுன்னு நிதானமா பிராணாயாமம் பண்ணிக்கிட்டே அந்த மெஷின்ல உட்காருங்க. உங்க மூச்சோட அலையே எல்.எஃப் பட்டைக்குள்ள போய் விழும், அமைதியா உட்கார்ந்திருக்கற உங்களைப் பார்த்து ‘கடுமையான டென்ஷன்’னு பிரிண்ட் எடுத்துக் குடுக்கும். அந்தக் காசுக்கு மூணு மாச சுகர் சராசரியைக் காட்டற எச்.பி.ஏ1சி டெஸ்ட் ஒரு தடவை பார்த்துக்கலாம்ங்கண்ணா.