ஒரே ஒரு கன்றுதானே, அதற்கு ஏன் இவ்வளவு கெடுபிடி?

நேயர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “வெளிநாட்டில் இருக்கும் அக்கா வீட்டிலிருந்து ஒரே ஒரு கன்றை வேர்மண்ணோடு பையில் வைத்துக் கொண்டுவந்தேன். விமான நிலையத்தில் வாங்கி அழித்துவிட்டார்கள். கன்று நல்ல ஆரோக்கியமாக இருந்தது. பூச்சி இல்லாத நாடு எது? அங்கே இருக்கிற பூச்சி இங்கே வந்தால் மட்டும் என்ன ஆகிவிடும்?”

ஆசையாகக் கொண்டுவந்ததைக் கண்முன்னால் அழித்தால் யாருக்கும் மனசு கஷ்டமாகத்தான் இருக்கும். சரி, அவர் கடைசியாகக் கேட்டதிலிருந்தே தொடங்குகிறேன்.

ஒரு பூச்சி தன் சொந்த மண்ணில் தனியாக இருப்பதில்லை. அதைத் தின்னும் வண்டு, அதன் உடம்புக்குள் முட்டையிடும் குளவி, அதைப் பிடிக்கும் பூஞ்சை என்று சுற்றிலும் எதிரிகள். அதனால் அங்கே அது பெரும்பாலும் அடங்கிக் கிடக்கும். கன்றிலோ பழத்திலோ ஏறி வேறு நாட்டுக்கு வரும்போது பூச்சி மட்டும் வருகிறது, எதிரிகள் வருவதில்லை.

ஆப்பிரிக்காவில் மரவள்ளிக்கு நடந்தது இதுதான். தென் அமெரிக்காவைச் சேர்ந்த ஒரு மாவுப்பூச்சி 1970களின் தொடக்கத்தில் காங்கோ பகுதியில் தலைகாட்டியது. மரவள்ளியைக் குச்சி வெட்டித்தானே நடுகிறோம். அப்படி நடவுக்குக் கொண்டுவந்த குச்சியில் ஒட்டிக்கொண்டு வந்திருக்க வேண்டும். இந்தப் பூச்சி இனம் பெருக ஆணே தேவையில்லை. ஒரு பெண் பூச்சி தனியாகவே நூற்றுக்கணக்கில் முட்டையிடும். ‘ஒரே ஒரு கன்றுதானே’ என்கிறீர்கள், இதற்கு ஒரு பூச்சியே போதும். குருத்து சுருண்டு, கணுக்கள் நெருங்கி, செடி குட்டையாகி, இலை கொட்டிப்போகும். கோடிக்கணக்கான மக்களின் அன்றாடச் சாப்பாடே அந்தக் கிழங்குதான். நட்டவர்களில் பெரும்பாலோர் மருந்தடிக்க வசதியில்லாத சிறு விவசாயிகள். அவர்கள் என்ன செய்வார்கள், சொல்லுங்கள்.

கடைசியில் அந்தப் பூச்சியின் சொந்த மண்ணைத் தேடிப் போனார்கள். 1981ல் பராகுவேயில் பூச்சியும் கிடைத்தது, அதைக் கொல்லும் குளவியும் கிடைத்தது. கொசுவைவிடச் சின்னக் குளவி. மாவுப்பூச்சிக்குள் முட்டை வைக்கும். அதிலிருந்து வரும் புழு உள்ளேயே தின்று வளர்ந்து, குளவியாக மாறி, காய்ந்த தோலைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். அதைப் பெருக்கி நாடு நாடாக விட்டார்கள், சில இடங்களில் விமானத்திலிருந்தே தூவினார்கள். மாவுப்பூச்சி அடங்கியது. அந்த வேலைக்குத் தலைமை தாங்கிய ஹான்ஸ் ஹெரனுக்கு 1995ல் உலக உணவுப் பரிசு கொடுத்தார்கள்.

அப்போ எதிரியையும் கொண்டுவந்துவிட்டால் தீர்ந்ததா என்று கேட்காதீர்கள். அந்தக் குளவி வேறு எதையும் தாக்குமா என்று பூட்டிய ஆய்வகத்தில் சோதித்த பிறகுதான் வெளியே விட்டார்கள். அந்தப் பொறுமை இல்லாமல், கரும்பு வண்டைத் தின்னட்டும் என்று ஆஸ்திரேலியா 1935ல் ஹவாயிலிருந்து தேரைகளைக் கொண்டுவந்தது. வண்டு குறையவில்லை. நச்சுத் தேரைதான் வடக்கு முழுக்கப் பரவி, அதைத் தின்ன வந்த உள்ளூர் விலங்குகளைக் கொன்றுகொண்டிருக்கிறது. அதனால்தான் சொல்கிறேன், வாசலில் தடுப்பதுதான் உள்ளதிலேயே மலிவான வழி.

அப்புறம், ‘ஆரோக்கியமாக இருந்தது’ என்றாரே. கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. ஆரஞ்சு, எலுமிச்சை வகைகளைத் தாக்கும் பசுமையாதல் நோய் உள்ளே புகுந்த மரம், அறிகுறி காட்டவே மாதங்கள், சில சமயம் வருடங்கள் ஆகும். கன்றைவிட எனக்குப் பயம் அதன் வேரில் இருந்த மண்ணைப் பற்றித்தான். வாழையின் பனாமா வாடல் நோய்ப் பூஞ்சை, வாழையே இல்லாத மண்ணிலும் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். வந்துவிட்டால் மண்ணிலிருந்து அதை ஒழிக்க மருந்து கிடையாது. கன்றே வேண்டாம், காலணியின் அடிப்பள்ளத்தில் ஒட்டிய சேறு போதும். வெளிநாட்டில் தோட்டம், பண்ணை பார்த்துவிட்டு வருகிறவர்கள் கிளம்பும் முன் காலணியைப் பிரஷ் போட்டுத் தேய்த்துச் சேறு முழுக்கப் போன பிறகு கிருமிநாசினியில் நனையுங்கள். சேற்றின் மேலேயே ஊற்றினால் மருந்து உள்ளே போகாது.

1966ல் ஒரு சிறுவன் ஹவாயிலிருந்து மூன்று ஆப்பிரிக்க ராட்சத நத்தைகளை அமெரிக்காவின் புளோரிடாவுக்கு ஆசையாகக் கொண்டுவந்தான். பாட்டி அவற்றைத் தோட்டத்தில் விட்டார். சில ஆண்டுகளில் 18,000க்கும் மேல் பெருகிவிட்டது. ஒழித்து முடிக்க 1975 ஆனது, செலவு சுமார் 10 லட்சம் டாலர். மூன்றே நத்தைகள்.

ஒரு செடி கட்டாயம் வேண்டுமென்றால் வழி இருக்கிறது. முதலில் இங்கே இறக்குமதி அனுமதி கேளுங்கள், பிறகு அந்த நாட்டு அதிகாரியிடம் தாவர நலச் சான்றிதழ் வாங்குங்கள். பையில் ஏதாவது இருந்தால், சந்தேகமாக இருந்தாலும், நீங்களே எடுத்துக் காட்டிவிடுங்கள். பழம், விதை, இறைச்சி எல்லாமே இதில் சேரும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், பலர் நல்லெண்ணத்தில் தவறுவது இங்கேதான். தோட்டத்தில் இதுவரை பார்க்காத பூச்சி தெரிந்தால், அந்தக் கிளையை ஒடித்துப் பையில் போட்டுக்கொண்டு நாலு பேரிடம் காட்டப் போகாதீர்கள். போகிற வழியெல்லாம் அதை உதிர்த்துக்கொண்டே போவீர்கள். அங்கேயே விட்டு, இலையின் மேல்பக்கம், அடிப்பக்கம், பூச்சி மூன்றையும் கிட்டத்தில் படம் எடுத்து, வேளாண் அதிகாரிக்கு அன்றைக்கே அனுப்புங்கள். மாதிரி வேண்டுமென்றால் அவரே வந்து எடுத்துக்கொள்வார்.